இரண்டாவது கொடி

சாயங்காலம் ஐந்தரை மணி. ஒரு சின்னத் தீவு. கடையிலிருந்து படகுத்துறைக்குப் போகிற ஒற்றை மண் ரோடு... இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. ஒரு பொம்பளை தோளில் பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து போகிறாள்.

இரு. முதலில் அந்த டார்ச்சை என் முகத்தில் அடிக்கிறதை நிறுத்து. கரண்ட் வருகிறபோது வரட்டும். வார்டன் கதவைத் தட்டினால் நான் பேசிக்கொள்கிறேன். கதவோரம் உட்கார்ந்திருக்கிறவள் இப்படித் தள்ளி வா, உன் முதுகுக்குப் பின்னால் காற்று வருகிறது... காற்றுதான். வேறொன்றும் இல்லை.

இன்னொரு விஷயம். நம் கூட்டத்தில் ஒருத்தி அடுத்த வாரம் தீவுகளுக்குத் தனியாகப் போகிறேன் என்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள். அவளைப் பயமுறுத்தி நிறுத்தத்தான் நீங்கள் எல்லாரும் சேர்ந்து என்னைக் கதை சொல்லச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாதா என்ன? நான் அதற்காகச் சொல்லவில்லை. நான் அந்தப் பொம்பளையின் கட்சி. முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

அவள் என் சிநேகிதியின் அத்தை. அப்பாவோடு கூடப் பிறந்த தங்கச்சி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, அதனால் எங்களுக்கெல்லாம் எக்ஸ்ரே அத்தை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியாகிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று ஆரம்பித்தால், “மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க” என்பாள். கேட்டவர்கள் அப்படியே வாயை மூடிக்கொள்வார்கள்.

அவளுக்கென்று ஒரு சின்ன ஃப்ளாட். ஒரு ரூம், ஒரு கிச்சன், துணி காயப்போட ஒரு பால்கனி. அதுதான் அண்ணன்காரர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டில் பின்பக்கம் ஒரு ரூம் சும்மா கிடந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அதை நேராகச் சொல்வாரா? தங்கச்சி தனியாக இருக்கிறாளே என்று கவலைப்படுவார். வாரம் தவறாமல் கவலைப்படுவார்.

அத்தை ஒருநாள், லீவு போட்டுவிட்டு ஃபெர்ரியில் தீவு தீவாகச் சுற்றப் போகிறேன் என்றாள். யாரோடு என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றாள். அண்ணன்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, போயிட்டு வா,” என்றார். “நடுவுல உதவி கேட்டு எனக்கு ஒரே ஒரு போன் வந்தாலும், நீ ஃப்ளாட்டைக் காலி பண்ணிட்டு இங்க வந்துடணும்.”

“போன் வரலன்னா?”

“வரலன்னா அந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.”

“பிள்ளைங்க முன்னாடி சொல்லு.”

சொன்னார். என் சிநேகிதிதான் சாட்சி. ஆக, எக்ஸ்ரே அத்தை அந்தப் பையோடு தன் வீட்டையும் தூக்கிக்கொண்டுதான் ஃபெர்ரி ஏறினாள். போன் செய்தால் வீடு போச்சு.

தனியாகப் போகிறதில் சுகமும் உண்டு, பாடும் உண்டு. அத்தை இரண்டையும் மறைக்கவில்லை. ஃபெர்ரியில் பாத்ரூம் போகவேண்டும், பையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பையோடு போனாள். அந்தப் பாத்ரூமில் ஆள் நுழைகிறதே பெரும்பாடு. இரண்டாவது நாள் கடல் தூக்கித் தூக்கிப் போட்டது... குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி வாந்தி. நெற்றியைப் பிடித்துவிட ஆள் இல்லை. தன் நெற்றியைத் தானே பிடித்துக்கொண்டாள். ஒரு லாட்ஜில், துணைக்கு ஆள் இல்லாத பொம்பளைக்கு ரூம் கிடையாது என்றான். வரவேற்பு மேசைக்கு எதிரிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ரூம் கிடைத்தது.

சுகத்தைக் கேளுங்கள். ஒரு தீவில் இறங்க வேண்டியவள், கரை பார்க்கப் பிடிக்கவில்லை என்று இறங்கவே இல்லை. யாரையும் கேட்கவில்லை. மேல்தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்டை யாருக்கும் பங்கு கொடுக்காமல் தின்றாள். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவையாம். அதைச் சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் வந்ததாம், எனக்குக் கேட்கும்போதே வந்தது.

ஆனால் புத்திமதி... அப்பப்பா. டிக்கெட் கொடுக்கிறவர், பக்கத்து சீட்டுக்காரி, டீ விற்கிறவர், லாட்ஜ்காரன். தனியாவா வந்தீங்க, ஜாக்கிரதைம்மா, பையை முன்னாடி மாட்டுங்க, இருட்டறதுக்கு முன்னாடி ரூமுக்குப் போயிடுங்க, கையில ஒரு ஊசியாவது வச்சுக்கோங்க. வாயைத் திறந்தவன் எல்லாம் வாத்தியார். அத்தைக்குக் காது புளித்துப்போய்விட்டது.

இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தக் கடைசித் தீவுக்கு வருகிறேன்.

அது ஃபெர்ரி தவறாமல் நிற்கிற தீவு இல்லை. பத்துப் பதினைந்து வீடு, ஒரு கடை, ஒரு படகுத்துறை. லாட்ஜ் என்ற பேச்சே கிடையாது. காலையில் ஊர்க்காரர்கள் கும்பலாக இறங்கினார்கள், அவர்களோடு இவளும் இறங்கினாள். திரும்பிப் போகிறவர்களுக்குத் துறையில் ஒரு கம்பமும், ஒரு பெட்டி நிறையச் சிவப்புக் கொடியும் வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கொடி கட்டி ஏற்றவேண்டும். தூரத்தில் போகிற ஃபெர்ரி கொடியைப் பார்த்துத் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும்.

மத்தியான ஃபெர்ரிக்கு அத்தை ஒரு கொடி ஏற்றினாள். ஒரு ஆள், ஒரு கொடி. நியாயம்தானே? ஃபெர்ரி வந்தது. கையை ஆட்டினாள். துப்பட்டாவை எடுத்து ஆட்டினாள். அது வேகத்தைக்கூடக் குறைக்காமல் நேரே போய்விட்டது.

கொதித்துப்போய்க் கடைக்குத் திரும்பினாள். கடைக்காரர் வயசான மனுஷர், பொட்டலம் கட்டிக்கொண்டே பேசினார்.

“ஒத்தக் கொடிக்குத் திருப்ப மாட்டாங்கம்மா. ஒரு ஆளுக்காகச் சுத்தி வந்தா டீசல் கட்டாதாம். சாயங்காலம் கடைசி ஃபெர்ரி இருக்கு. ரெண்டு கொடியா ஏத்துங்க. ஒத்த ஆளாப் போனா நாங்களும் அப்படித்தான்.”

“பொய்யா ஏத்தறதா?”

“பொய்தான். ஆனா அந்த ரெண்டாவது கொடிக்கு, போறப்ப வழியில ஒரு...”

“நான் பாத்துக்கறேங்க.”

“இல்லம்மா, இதைக் கேட்டுட்டுப் போங்க. அந்தக் கொடிக்கு ஒரு...”

“நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? ஒத்தையாப் போனா ஊரே சேர்ந்து பாடம் எடுக்கணுமா?”

அவர் வாயை மூடிக்கொண்டார். மிச்சத்தைச் சொல்லவில்லை.

இப்போது நீங்கள், பார்த்தியா, பெரியவர் சொன்னதைக் கேட்டிருக்கவேண்டும் என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டாம். உதவாத புத்தியை வழி முழுக்கக் காதில் கொட்டிவிட்டு, உதவுகிற ஒன்றை மட்டும் அவள் பொறுக்கி எடுத்துக் கேட்டிருக்கவேண்டும் என்றால் அது யார் தப்பு? அவள் தப்பு இல்லை. நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஐந்தரை மணிக்கு அந்த ரோட்டில் நடந்தாள். துறைக்கு வந்தாள். பழைய மரப்பலகை, தார் வாடை, கீழே தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம்... சளக்... சளக்... ஒரு சிமென்ட் பெஞ்ச். ஈ காக்கை இல்லை. இந்த ஃபெர்ரியை விட்டால் ராத்திரி முழுக்க அந்த பெஞ்ச்தான். இல்லையென்றால் அண்ணனுக்குப் போன் செய்து, வாடகைப் படகு பேசி அனுப்பச் சொல்லவேண்டும்.

கொடி கட்ட இரண்டு கையும் வேண்டும். செல்போனை பெஞ்ச் மேல் வைத்தாள். ஒரே கயிற்றில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கொடி கட்டி ஏற்றினாள். கப்பி க்ரீச்சென்று கத்தியது. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபெர்ரி... மெல்ல... மூக்கை இந்தப் பக்கம் திருப்பியது.

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா உங்கள் சட்டம் என்று சத்தமாகவே கேட்டாளாம்.

அப்போது பின்னால் பலகையில் ஒரு சத்தம்.

சப்... சப்... ஈரச் செருப்பு. அவசரமில்லாமல் வருகிறது. ஈரத்துணியைப் பெட்டியில் போட்டுப் பூட்டி மறந்துபோனால் ஒரு வாடை வருமே, அது முதலில் வந்தது. அப்புறம் தோளுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், யாரோ வந்து நின்றார்கள்.

ஊர்க்காரி யாரோ என்றுதான் நினைத்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“நீங்களும் ஃபெர்ரிக்கா?”

“ம்.”

“நான் ஒருத்திதான் ஏறப்போறேன்னு நெனச்சேன்.”

“எனக்குத்தானே ஒண்ணு ஏத்தினீங்க?”

அத்தைக்குக் கழுத்தெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. அந்தக் குரல் எங்கேயோ கேட்ட குரல்... எங்கே என்று பிடிபடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சைப் பார்த்தாள். இருபது வருஷம் ஜனங்களின் நெஞ்சு ஏறி இறங்குகிறதைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுத்தவள். மூச்சை இழுத்துப் பிடித்தவன் யார், பிடித்த மாதிரி ஏமாற்றுகிறவன் யார் என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தே சொல்வாள். பக்கத்தில் நின்றது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அங்கே மூச்சே இல்லை.

ஓடினாளா? எங்கே ஓடுகிறது? பின்னால் அது, முன்னால் கடல். நின்றாள்.

ஃபெர்ரி வந்து பலகையில் இடித்து நின்றது. கயிறு வீசுகிற ஆள் கயிற்றை வீச எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

“கல்லு எங்கக்கா?”

“என்ன கல்லு?”

“ரெண்டாவது கொடி ஏத்தினா வழியில ஒரு கல்லை எடுத்தாந்து பக்கத்துல வைக்கணும். அந்த எடத்துல கல்லு இருந்தா வேற யாரும் வந்து நிக்க மாட்டாங்க. கடையில சொல்லலையா?”

அத்தைக்கு அப்போதுதான் கடைக்காரர் வாயில் பாதியில் நின்ற வார்த்தை புரிந்தது.

“இப்ப என்ன செய்யணும்?”

“நான் ஒருத்தரைத்தான் ஏத்துவேன்.” அவர் தலையைத் தூக்கி இவளைப் பார்த்தார். பக்கத்தில் பார்த்தார். திரும்ப இவளைப் பார்த்தார். அவர் உதடு உலர்ந்துபோயிருந்தது. “உங்க ரெண்டு பேர்ல... ஆளு யாரும்மா?”

“நான்தான்,” என்றாள் அத்தை.

“நான்தான்,” என்றது பக்கத்தில்.

அப்போதுதான் திரும்பி முழுசாகப் பார்த்தாள். என்ன பார்த்தாள் என்று இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். அவள் தோளில் இருந்த பை அதன் தோளிலும் இருந்ததாம். பிய்ந்துபோன ஜிப்புக்குக் குத்தியிருந்த ஊக்கு உட்பட.

கயிறு வீசுகிறவர் கம்பத்தைக் காட்டினார். “உங்க கொடி எதுவோ அதை விட்டுட்டு மத்ததை இறக்குங்க. கொடி இல்லாதது ஏற முடியாது.”

இரண்டும் ஒரே சிவப்பு. எது யாருடையது? அத்தை கம்பத்துக்குப் போனாள். அதுவும் கூடவே வந்தது. சப்... சப்... இவள் கயிற்றைப் பிடித்தாள். அவள் கைக்கு மேலே இன்னொரு ஈரக் கை வந்து பிடித்தது.

அந்த இடத்தில்தான், சிநேகிதி சொல்வாள், அத்தைக்குப் பயம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. வீட்டில் அண்ணன் பங்கு கேட்கிறான். இங்கே வந்தால் இது பங்கு கேட்கிறது. ஒருத்தி ஒருத்தியாக இருந்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன வலிக்கிறது?

“கையை எடு,” என்றாள். “ரெண்டு கொடியும் நான் ஏத்தினது. ரெண்டுக்கும் நான்தான் ஆளு. உனக்குன்னு இங்க ஒண்ணும் கெடையாது.”

இழுத்த இழுப்பில் இரண்டு கொடியும் கீழே வந்து விழுந்தன. முடிச்சை அவிழ்க்கக்கூட நேரமில்லை, பல்லால் கடித்துப் பிய்த்து எடுத்தாள். பெட்டியிலிருந்த மிச்சக் கொடிகளையும் விடவில்லை. மொத்தத்தையும் மார்போடு அள்ளிக்கொண்டு, பலகை போடுகிறவரைக்கும் காத்திராமல் ஒரே எட்டில் ஃபெர்ரியில் குதித்தாள்.

“எடுங்க வண்டியை,” என்றாள்.

எடுத்துவிட்டார்கள். கயிறு வீசுகிறவர் கரை சேர்கிறவரை அவள் பக்கமே வரவில்லை. பாதிக் கடலில்தான் செல்போன் ஞாபகம் வந்தது. பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். திரும்பி எட்டிப் பார்த்தாள். துறை இருட்டிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

அப்படித்தான் அத்தை சொன்னாள். குதித்தது அத்தைதான். நானும் அப்படித்தான் சொல்கிறேன். என்ன முழிக்கிறாய்? மீதியைக் கேள்.

ஊர் திரும்பினாள். மறுநாள் சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அண்ணன்காரர், அண்ணி, பிள்ளைகள், என் சிநேகிதி, எல்லாரும் இருந்தார்கள்.

“போன் வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வரல,” என்றார் அண்ணன்காரர்.

“அப்ப அந்தப் பேச்சு முடிஞ்சுது.”

நடந்ததை எல்லாம் சொன்னாள். அண்ணி நம்பவில்லை, பசங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கொடிகளை என்ன செய்தாய் என்று பெரியவன் கேட்டான். ஃப்ளாட் வாசலில் மிதியடியாகப் போட்டிருக்கிறேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அப்போது அவர் செல்போன் அடித்தது.

மேசை நடுவில்தான் இருந்தது. எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திரையில் எழுத்து வந்தது. தங்கச்சி.

“யாரோ எடுத்து வச்சிருக்காங்க போல,” என்றார். நல்ல மனசோடு ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் காற்று. அப்புறம் தண்ணீர் தூணில் மோதுகிற சத்தம். கப்பி ஒரு தடவை க்ரீச்சென்றது... அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு குரல். மேசையில் உட்கார்ந்திருக்கிறவளின் குரல்.

“அண்ணா... கொடி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா. ஏத்தறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒரு ஃபெர்ரியும் திரும்ப மாட்டேங்குது. நீ வந்து கூட்டிட்டுப் போ.”

அண்ணி சின்னவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அத்தை மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“நான் போன் பண்ணல,” என்றாள். “உன் கண்ணு முன்னாடிதான் உக்காந்திருக்கேன். இந்தப் போனைச் சாக்கா வச்சு என்னை ஏமாத்தப் பாக்காதே.”

“அண்ணா, நான்தாண்ணா,” என்றது போன். “நான் தோத்ததாவே இருக்கட்டும். ஃப்ளாட்டைக் காலி பண்ணிடறேன். வாண்ணா.”

அண்ணன்காரர் முகத்தில் வேர்த்துக் கொட்டியது. தங்கச்சி காலி பண்ணிடறேன் என்று சொல்ல வருஷக்கணக்கில் காத்திருந்த மனுஷர். அந்த வார்த்தை வந்தேவிட்டது. இந்தப் பக்கம் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர்கள் அம்மா ஆஸ்பத்திரியில் சாகிறபோது தங்கச்சியைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். இவர் எத்தனையோ தடவை கேட்டும் தங்கச்சி சொன்னதில்லை. நிஜத் தங்கச்சிக்குத்தான் அது தெரியும். இன்னொன்று முழிக்கும்.

“அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். “ஆளு யாரோ அவ சொல்லட்டும்.”

அத்தை கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“‘என்ன ஆனாலும் அண்ணன் வீட்டுக்கு மட்டும் போயிடாதடி’ன்னு சொன்னாங்க.”

இவள் வாயிலிருந்தும், போனிலிருந்தும். ஒரே நேரத்தில். ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை. என் சிநேகிதி இரண்டையும் இரண்டு காதாலும் கேட்டாள்.

அண்ணன்காரர் போனை அணைத்தார். அதற்கப்புறம் ஃப்ளாட்டைக் காலி பண்ணச் சொல்லி அவர் பேச்செடுக்கவே இல்லை... இவளிடமும் சரி, அவளிடமும் சரி.